பா ஊரில் தலைகீழாய்ப் பிடித்த வளரி

என் தங்கை ஃபிஜியிலிருந்து போன் செய்தால் பெருங்காயம் கேட்பாள், இல்லாவிட்டால் மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லுவாள். அந்த முறை இரண்டும் இல்லை. "அக்கா, உங்க மியூசியத்துல விதவிதமா கத்தி இருக்குல்ல? இங்க இவரோட பேஷன்ட் வீட்டுல ஒரு கத்தி இருக்கு. கரும்புக் கத்தி மாதிரி இருக்கு, ஆனா இல்லையாம். வந்து பாத்துச் சொல்லேன், என்னையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள். கத்தியைப் பார்க்கக் கடல் தாண்டிப் போவார்களா என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருடமாக ஓர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் வாளையும் ஈட்டியையும் துடைத்து, எண்ணெய் போட்டு, விளக்க அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை ஒரு கத்தி விலாசம் தேடிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

ஃபிஜி நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. தங்கை வீடு வோட்டுவாலேவுவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு, "இதுல டெய்லர் குடும்பம் போவுது", "இதுல பேங்க்ல வேலை செஞ்ச பொண்ணு போவுது" என்று சொல்லுவார். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டில் நின்று ஊர்க்காரர்களை வழியனுப்புகிற மாதிரி, இங்கே முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து வழியனுப்பினார்கள்.

கத்தி இருந்தது பா ஊரில். செவ்வாய்க்கிழமை தனியாகவே பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் சுருட்டி வைத்திருக்கும் தார்ப்பாயை அவரவர் இறக்கிவிட்டுக்கொள்ள வேண்டும். மழை வந்தது, எல்லோரும் இறக்கினார்கள், நான் இறங்க வேண்டிய இடமும் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் போயே போய்விட்டது. சர்க்கரை ஆலைப் புகைபோக்கியைத் தாண்டினால் இறங்கு என்று தங்கை சொல்லியிருந்தாள். புகைபோக்கியை எங்கே பார்ப்பது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் நல்ல உயரம், ஃபிஜி மண்ணின் மனிதர், மடியில் சாக்கு சுற்றிய ஒரு கத்தி. நான் தவிப்பதைப் பார்த்து, "எந்த வீடு?" என்று ஹிந்தியில் கேட்டார். டிவி பார்த்துக் கற்ற என் ஹிந்தியில் "முனிசாமி வீடு" என்றேன். உடனே பஸ்ஸை நிறுத்தி, தானும் இறங்கி, இரண்டு மைல் கரும்புக்காட்டுச் சேற்றில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். கத்தி வைத்திருக்கும் முன்பின் தெரியாத ஆளோடு கரும்புக்காட்டுக்குள் போவதை நம் ஊரில் நினைத்துப் பார்க்க முடியுமா? அவர் பெயர் சைலோசி. கரும்பு வெட்டும் கேங்கில் இருப்பவர். நான் இந்தக் கட்டுரையில் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதல் ஆள்.

வாசலிலேயே பொன்னம்மா அக்கா நின்றிருந்தார். "வாம்மா, நனைஞ்சி போயிட்டியே. குந்து, குந்து" என்று துண்டைக் கொடுத்தார். அவர் தமிழ் நன்றாகப் பேசினார். கணவர் முனிசாமி அண்ணனுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஹிந்தியில் வரும். வீட்டில் பாதிச் சாமான் இல்லை. சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரங்களாக இருந்தன. நிலம் ஃபிஜி மண்ணின் குலம் ஒன்றுக்குச் சொந்தம்; குத்தகை முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. சனிக்கிழமை இருவரும் ஆக்லாந்தில் இருக்கும் மகளிடம் போகிறார்கள், திரும்பி வருகிற பேச்சில்லை.

முதலில் சோறு போட்டார்கள். டின் மீன் குழம்பு, அவித்த மரவள்ளி, சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கூட்டு, சாம்பார் என்ற பெயரில் நம் ரசத்துக்கு அண்ணன் ஒன்று. அந்த இலைக் கூட்டை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது, நிறுத்தவில்லை.

அப்புறம் சாமி மாடத்திலிருந்து கத்தியை எடுத்து வந்தார்கள். பிறை மாதிரி வளைந்த இரும்பு, ஒரு முழ நீளம். ஒரு முனையில் மரக் கைப்பிடி, மறு முனை ஒல்லியாக. வளைவின் வெளிப்பக்கம் முழுக்கக் கூர். முனிசாமி அண்ணனின் தாத்தா மதராஸிலிருந்து கூலிக் கப்பலில் வந்தபோது கொண்டுவந்ததாம். வீட்டில் அதற்கு 'அம்மன் கத்தி' என்று பெயர். வருடா வருடம் அறுவடை தொடங்குமுன் முதல் கரும்பை இதனால் வெட்டி அம்மனுக்கு வைத்துவிட்டுத்தான் மற்ற கத்திகள் வயலில் இறங்கும். "நாங்க போறோம். இது இங்கத்திய கரும்புக்குன்னே இருந்த கத்தி, இங்க இருக்கட்டும். கோயில்ல வெச்சிட்டுப் போவணும்னு ஆசை" என்றார் பொன்னம்மா அக்கா.

அந்த நேரம் பார்த்துக் கோயில் பெரியவர் அங்கமுத்துவும் வந்து சேர்ந்தார். எழுபது வயதிருக்கும், தும்பைப்பூ வேட்டி. என்னை இந்தியாவிலிருந்து வந்த பெரிய ஆபீசர் என்று அறிமுகம் செய்தார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். "ஐயா, இது சாதாரணக் கத்தி இல்ல. இதுக்குப் பேரு வளரி. எங்க மதுரைச் சீமையோட ஆயுதம். ஓடுறவனைக் குறி பாத்து எறிஞ்சா ஆள் எந்திரிக்க மாட்டான்!" என்று பத்து நிமிடம் பொழிந்தேன். கைதட்டல் வரும் என்று நினைத்தேன். பொன்னம்மா அக்கா முகம் வெளுத்துப்போனது.

பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "அப்ப ஊர்ல சொல்ற கதை நெசந்தான். இவங்க தாத்தா ஊர்ல ஒருத்தன் தலைய இதால ஒரே வெட்டா வெட்டிட்டுக் கப்பல் ஏறினாருன்னு சொல்லுவாங்க. கத்திய கோயில்ல வெக்கலாமான்னு இவங்க கேட்டப்போ, சும்மா கட்டுக்கதையா இருக்கும், கரும்புக் கத்தியா இருந்தா வாங்கிக்கலாம்னு நெனச்சேன். மனுச ரத்தம் குடிச்ச இரும்பு அம்மன்கிட்ட வேணாம்மா." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். முனிசாமி அண்ணன், "கோயில் எடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ஆற்றில் போட்டுவிடுகிறேன், வேறென்ன செய்வது" என்று ஹிந்தியில் சொன்னார். பொன்னம்மா அக்கா என் தட்டை எடுத்துப்போய்க் கழுவினார். என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நான் வராமலே இருந்திருந்தால் அந்தக் கத்தி கோயிலுக்குப் போயிருக்கும்.

புதன்கிழமை காலையில் எழுந்ததும் கத்தியைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நேற்றைய பெருமையில் கண்ணில் படாதது இன்று பட்டது. எங்கள் கூடத்தில் இருக்கும் வளரிகளுக்குக் கைப்பிடியே கிடையாது. ஒரு முனை கனமாக இருக்கும், மறு முனை லேசாக. எந்த முனையைப் பிடித்து எறிவது? லேசான முனையை என்று அட்டையில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் என் வாழ்நாளில் ஒரு வளரியை எறிந்து பார்த்ததில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை யார் எறியவிடுவார்கள்? இந்தக் கத்தியின் மரக் கைப்பிடி கனமான முனையில் இருந்தது.

அன்றும் அந்தப் பக்கம் வந்த சைலோசியிடம் சொன்னேன். அவர் கொய்யாக் கிளை ஒன்றை வெட்டி, கத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, அதே வளைவில், அதே போல ஒரு முனை கனமாக, கைப்பிடி இல்லாமல் ஒன்று செதுக்கினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் அலுவலகத்தில் இதற்கு டெண்டர் விட்டிருப்பார்கள். வீட்டுப் பின்னால் வாழைமரம் ஒன்றைக் குறி வைத்தோம். கத்தியில் கைப்பிடி இருந்த கனமான முனையைப் பிடித்து முதலில் நான் எறிந்தேன். அது மூன்றடி போய்ச் சேற்றில் தொப்பென்று விழுந்தது, கோழிகள் மட்டும் பயந்தன. சைலோசி எறிந்தும் அதே கதைதான். அப்புறம் லேசான முனையைப் பிடித்து எறிந்தார். அட! சுழன்றுகொண்டே போய் வாழை மரத்தின் நடுவில் அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் குழந்தை மாதிரி குதித்தேன். இருபத்திரண்டு வருடமாக எழுதிய அட்டை உண்மை என்று ஒரு வாழைமரம் சொல்லிவிட்டது.

குதித்து முடித்துத் திரும்பினால் வேலியோரம் அங்கமுத்து பெரியவர். இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்று பொன்னம்மா அக்காதான் கூப்பிட்டிருந்தார். அவர் வாழைமரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் கொல்லுது" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார். நான் ஒவ்வொன்றாக நிரூபிக்க நிரூபிக்க, அந்தக் கத்தி ஆற்றுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் வராந்தாவில் எல்லோரும் யங்கோனா குடித்தார்கள். வேர்ப்பொடியைத் தண்ணீரில் பிசைந்து சிரட்டையில் தருவது. எனக்கும் வந்தது. மண் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது, நாக்கு மரத்துப்போகிறது. என் நாக்குக்கு அது தேவைதான் என்று முழுச் சிரட்டையும் குடித்தேன். அப்போது பொன்னம்மா அக்கா கலகச் சமயத்துக் கதையைச் சொன்னார். ஊர் ஊராக இந்தியர் வீடுகளில் புகுந்து ஆடுமாடு ஓட்டிப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, சைலோசி வந்து இந்த வீட்டு வாசலில் எட்டு நாள் கரும்புக் கத்தியோடு உட்கார்ந்திருந்தாராம். நிலத்துக்குச் சொந்தமான குலத்து ஆளே அவர்தான். "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டேன். அக்கா ஹிந்தியில் மொழிபெயர்த்துக் கேட்டார். சைலோசி சிரித்தார். "ஒருத்தரும் வரவில்லை. வந்திருந்தால் நான்தான் முதலில் ஓடியிருப்பேன். கத்தி மடியில் இருந்தது, அது போதும், அண்ணி" என்றார்.

வியாழக்கிழமை காலையில் சைலோசி வேலைக்குப் போகுமுன் வாசலில் தன் கத்தியை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார். நான் காபியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தார், மறு பக்கம் அரம் படவே இல்லை. ஏன் என்று கேட்டேன். கரும்பைத் தரையோடு ஒட்டி வெட்ட அதுதான் வசதி, இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் என்றார். காபியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். அம்மன் கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதிலும் அரம் ஒரு பக்கம்தான் பட்டிருந்தது. சைலோசி கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நாங்கள் தீட்டும் விதம்" என்றார்.

"அண்ணே, இந்தக் கைப்பிடியைக் கழட்டலாமா?" என்று முனிசாமி அண்ணனிடம் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். பொன்னம்மா அக்கா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, "கழட்டு. ஆனா பெரியவரு எதிர்ல கழட்டு. நீ பாட்டுக்கு ஒண்ணு சொல்லி அவரு ஒண்ணு நெனச்சிக்க வேணாம்" என்றார். எனக்குச் சரியான குட்டு. போகும் வழியில் ஏறிய கேரியர் வண்டி, ஆள் ஏற்றும் சின்ன லாரி, பஞ்சர் ஆனது, கரும்பு ரயில் வேறு குறுக்கே நின்று கால் மணி நேரம் தின்றது. ஒருவழியாகக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியவர் வெளியே வந்து, கத்தியைக் கோயில் படிக்குக் கீழேயே வைக்கச் சொன்னார்.

சைலோசி மூன்று ஆணியையும் தட்டி எடுத்தார். மரத்துண்டு இரண்டும் விலகின. உள்ளே இருந்த இரும்பு கருப்பாக, கப்பல் ஏறிய நாளில் இருந்தபடியே இருந்தது. அந்த முனையின் ஓரத்தைப் பெரியவர் கையில் கொடுத்து, "விரலை வெச்சி அழுத்திப் பாருங்க ஐயா" என்றேன். அழுத்தினார். இரண்டு காசை ஒன்றாக அடுக்கிய தடிப்பு. கூரே இல்லை.

இந்த முறை பொறுமையாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். "நேத்து நீங்களே பாத்தீங்க, இதை லேசான முனையில பிடிச்சுத்தான் எறியணும். அடிக்கிறது இந்தக் கனமான முனை. கூர் வைக்கணும்னா இங்கதான் வைக்கணும். இங்க கூர் வெச்சதே இல்ல. இப்ப கூர் எது வரைக்கும் போவுது? தாத்தா கையில பிடிச்ச முனை வரைக்கும். கை பிடிக்கிற இடத்துல யாராவது கூர் போடுவாங்களா? அப்ப கூர் எப்ப வந்தது? இங்க வந்து, கரும்பு வெட்டத் தலைகீழாக் கைப்பிடி போட்ட அப்புறம். அதையும் இந்த ஊரு ஆளுங்க தீட்டுற மாதிரி ஒரு பக்கமாத் தீட்டியிருக்கு. ஊர்ல இருந்தப்ப இது முயலை அடிச்சுச் சாய்க்கிற மழுங்கின இரும்பு. இதால ஒரே வெட்டுல தலை போயிருக்காது ஐயா. கீரைத்தண்டுகூடப் போயிருக்காது."

பெரியவர் நீண்ட நேரம் விரலை அதே இடத்தில் வைத்திருந்தார். "இதால யாரும் சாவலன்னு எழுதிக் குடுப்பியாம்மா?"

எழுதிக் கொடுக்க வேண்டும் போலத்தான் இருந்தது. பொன்னம்மா அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவள் நான். ஆனாலும் தெரியாததைத் தெரியும் என்று முந்தாநாள் பேசித்தானே இவ்வளவும் வந்தது. "எழுத மாட்டேன் ஐயா. எறிஞ்சு யாருக்கும் படலன்னு எனக்கு எப்படித் தெரியும்? கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி யாரையும் இது வெட்டலன்னு எழுதித் தரேன். அந்தக் கதை பொய்யுன்னு எழுதித் தரேன்."

"அப்ப அந்தப் பொய்ய யாரு சொன்னது?" என்று கேட்டார் பெரியவர். பொன்னம்மா அக்கா சட்டென்று சொன்னார்: "அவரேதான் சொல்லியிருப்பாரு மாமா. கூலிக்காரங்க குடியிருந்த லைன்ல, வேலை வாங்குற சர்தார் எப்படி இருந்தான்னு தெரியாதா? ஒரு தலைய வெட்டினவன்னு தெரிஞ்சா கிட்ட வருவானா?"

பெரியவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கம்மா அதே லைன்ல, அடுத்த ரூம்ல இருந்தவங்க. சர்தார் ராத்திரில எல்லா ரூம் கதவையும் தட்டுவான், நம்ம பக்கம் மட்டும் வர மாட்டான், அந்தக் கொலைகாரன் பக்கத்துல இருந்ததால தப்பிச்சோம்னு சாவுற வரைக்கும் சொன்னாங்க. சின்ன வயசுல நான் அந்த ஆளு பேரக் கேட்டாலே கைகழுவுவேன்." அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். சைலோசிக்கு என்ன நடக்கிறது என்று முனிசாமி அண்ணன் ஹிந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பெரியவர் எழுந்து கத்தியை இரண்டு கையாலும் தூக்கினார். "கைப்பிடியத் திரும்பப் போட்டுடுப்பா, தலைகீழாவே" என்றார். அடுத்த வருடம் முதல் கரும்பை யார் வெட்டுவது என்று பொன்னம்மா அக்கா கேட்டார். சைலோசி ஆணியை அடித்துக்கொண்டே, "நான் இருக்கிறேனே. வயல் இங்கேதானே இருக்கப் போகிறது" என்றார். கத்தி படியேறி உள்ளே போனது.

சனிக்கிழமை விமானத்துக்கு நானும் தங்கையும் வழியனுப்பப் போனோம். பொன்னம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வாயத் தொறந்து கெடுத்த, வாயத் தொறந்தே சரி பண்ணிட்ட. நல்லா இரு" என்றார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது. வீட்டுக்குத் திரும்பி முற்றத்தில் நின்றோம். பக்கத்து வீட்டு அம்மா மேலே பார்த்து, "இதுல யாரு?" என்றார். "பொன்னம்மா அக்கா" என்றேன் நான்.

அடுத்த அறுவடைக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. சைலோசி சொன்னபடியே முதல் கரும்பை வெட்டிக் கோயிலுக்குக் கொண்டுவந்தாராம், ஆக்லாந்துக்குப் போன் போட்டு அக்காவிடமும் சொன்னார்களாம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கோயில் உண்டியலை உடைக்க இரண்டு தடியன்கள் நோட்டம் பார்த்துக்கொண்டு திரிந்தார்களாம். சைலோசி அவர்களைக் கூப்பிட்டு, உள்ளே இருக்கும் கத்தியைக் காட்டி, "இதன் சொந்தக்காரர் ஒரே வெட்டில் ஒரு தலையை எடுத்தவர், தெரியுமா?" என்றாராம். பக்கத்தில் திருநீற்றுத் தட்டோடு நின்ற அங்கமுத்து பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாராம்:

"ஒண்ணு இல்லப்பா. ரெண்டு."